மீட்டரின் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது சோதனைப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் நிவேதா அனுப்பியிருந்தாள். பழைய சோதனை ரேக்கைத் திருப்பி வைத்து, அதன் முதுகுப் பக்கத்தை எடுத்திருந்தாள். விரல் பருமனுக்குக் கேபிள்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த பிளக்குகள், அவற்றின் மேல் தூசி. கூடவே குரல் செய்தி.

"அக்கா, இத கழட்டப் போறோம். புதுசுல ஒரே ஒரு நெட்வொர்க் ஒயர்தான். ஒரு டவுட்டு. ரெண்டு மீட்டர் பின்னாலயும் குட்டி சுவிட்சு மேல செகப்பா பொட்டு மாதிரி இன்னாமோ கீது. பூஜையில வச்ச குங்குமமா?"

குங்குமம் இல்லை. ஆனால் என்னவென்று ஒரு வரியில் சொன்னால் அந்தப் பொட்டுக்கு மரியாதை இல்லை. அதனால் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. வாய்க்கு எனக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

நான் ஸ்டெல்லா. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நட்டு, அடுத்தவர் கழனியில் அறுத்தவர்கள். பத்தாவது முடித்த கையோடு ஓரிக்கைப் பக்கம் இருந்த கம்பெனியில் பேக்கிங்குக்குச் சேர்ந்தேன். அங்கே பவர் சப்ளை செய்தோம். சுவரிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கி, கருவிக்கு வேண்டிய அளவுக்கு அடக்கிக் கொடுக்கிற பெட்டி அது. எங்கள் பெட்டிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் தொட்டிலுக்கு உள்ளே உட்காரும். அளவு கொஞ்சம் தப்பினாலும் தொட்டில் வேலை செய்யாது.

பேக்கிங்கிலிருந்து சோதனை அறைக்குப் போன கதை சின்னது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் வைப்பேன். வைத்துவிட்டு நின்று பார்ப்பேன். நின்று பார்த்ததுதான் என் படிப்பு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீட்டரின் கையேட்டை ஒன்றரை வருடம் படித்தேன். இங்கிலீஷ் எனக்கு இன்றைக்கும் வராது. மீட்டர் இங்கிலீஷ் வந்துவிட்டது.

சோதனைப் பிரிவின் தலைவர் ஜபருல்லா சார். காஞ்சிபுரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாற்காலியில் உட்காருமுன் சட்டைக் கைமடிப்பை இரண்டு சுற்று சுற்றிக்கொள்வார். கீபோர்டில் ஒரு விரலால்தான் அடிப்பார். ஒவ்வொரு எழுத்தையும் அடித்துவிட்டு அது திரையில் வந்ததா என்று பார்த்த பிறகே அடுத்த எழுத்து. "பதறாத காரியம் சிதறாது" என்பதை வாயால் சொல்கிறவர்கள் ஆயிரம் பேர். விரலால் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அந்த ரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேலே கம்ப்யூட்டர். கீழே வோல்டேஜ் அளக்கும் மீட்டர்கள், கரண்ட் இழுக்கும் லோடு என்று மொத்தம் ஏழு கருவிகள். ஏழையும் ஒரே கேபிள் வரிசை கோத்திருக்கும். இன்டர்ஃபேஸ் பஸ் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு. கம்ப்யூட்டர் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தக் கருவி மட்டும் காது கொடுக்கும். பேசச் சொன்னால் அது மட்டும் பேசும், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும். எங்கள் தெருக்குழாயில் இல்லாத ஒழுங்கு அந்தக் கம்பியில் இருந்தது.

அந்த எண்ணை வைப்பது கருவியின் முதுகில். அரிசிமணி அளவுக்கு ஐந்து சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். மேலே எது, கீழே எது என்பதுதான் எண். கரண்ட் கொடுத்து எழுப்பும்போது கருவி அதை ஒரே ஒரு தடவை படித்துக்கொள்ளும். அப்புறம் அணைத்து எழுப்பும்வரை அதே எண்தான். எங்கள் முக்கிய மீட்டருக்கு 22. அதே கம்பெனி, அதே மாடலில் இன்னொரு மீட்டர் அடித்தட்டில் இருந்தது. அதற்கு 23. இரண்டும் ஒரே இடத்தைத்தான் அளக்கும். ஆனால் 23-ஐ சனிக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவோம். 22 வாரம் முழுக்க உண்மை பேசியதா என்று சரிபார்க்க. அதை நாங்கள் சாட்சி மீட்டர் என்போம்.

நான் முதன்முதலாகக் கட்டளை அனுப்பிய அன்று, 22 அசையவே இல்லை. எழுத்தெல்லாம் சரி, எண்ணும் சரி. அரைமணி நேரம் வியர்த்தேன். ஜபருல்லா சார் வந்து திரையைப் பார்த்தார்.

"நீ பேசி முடிச்சது அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதான் அனுப்பிட்டேனே சார்."

"அனுப்பிட்ட. முடிக்கல. அது இன்னும் நீ இன்னா சொல்லப்போறன்னு காத்துக்கினு கீது."

கட்டளையின் கடைசியில் வரி முடிந்தது என்கிற அடையாளத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்து அனுப்பினேன். மீட்டருக்குள் டக்கென்று ஒரு சத்தம். அதன் முகத்தில் ரிமோட் என்கிற சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு எரிந்தால் மீட்டர் கம்ப்யூட்டரின் கையில் இருக்கிறது என்று பொருள். முன்னால் இருக்கும் பொத்தானை யார் அழுத்தினாலும் கேட்காது. மேனேஜர் அழுத்தினாலும் கேட்காது. கழனிக் கூலிக்காரர் வீட்டுப் பெண் ஒரு வரி எழுதி, மேனேஜர் பேச்சைக் கேட்காத ஒன்றைத் தன் பேச்சைக் கேட்க வைத்தாள். அன்றைக்குக் கம்பெனி வேனில் உத்திரமேரூர் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். டிரைவர் சொன்னார்: "யம்மா, உனக்கும் யாராவது வரி முடிக்க கத்துக் குடுத்தா தேவல."

ஜபருல்லா சாருக்கு ஒரு வழக்கம். காலையில் வேலை தொடங்குமுன் ஏழு கருவிகளையும் எண் சொல்லிக் கூப்பிட்டு, "நீ யார்" என்று கேட்கிற கட்டளையை அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் தன் மாடல் பெயரைச் சொல்லும். சொல்லச் சொல்லத் தாளில் டிக் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல, இதை ஹாஜர் எடுப்பது என்பார்.

"எங்க அத்தா கடையில புதுசா ஆள் வந்தா மொதல்ல பேரத்தான் கேப்பாரு. பேர் தெரியாத ஆளுகிட்ட வேல சொன்னா, அந்த வேல நடந்துச்சான்னு யாரப் போயி கேப்ப?"

மூன்று நிமிட வேலை. அதை நான் ஒருநாள் இரண்டரை நிமிடத்தில் முடித்தேன். அந்தக் கதைதான் இது.

யசோதாக்கா எங்கள் கம்பெனியில் பெட்டிகளுக்கு அளவு வைப்பவள். பெட்டிக்குள் ஒரு பொடித் திருகு இருக்கும். அதைத் திருப்பி, வெளியே வரும் வோல்டேஜை ஐந்துக்குக் கொண்டுவர வேண்டும். மற்ற இரண்டு பெண்கள் ஐந்துக்கு ஒரு புள்ளி மேலே வைப்பார்கள். யசோதாக்கா இரண்டு புள்ளி மேலே, 5.02-இல் வைப்பாள். "ஆஸ்பத்திரியில ஒயரு நீளமா இழுப்பானுங்கோ. வழியில கொஞ்சம் சிந்தும் இல்ல" என்பாள். அது தப்பில்லை. 5.03 வரைக்கும் அனுமதி உண்டு. வைத்து முடித்ததும் திருகின் தலையில் ஒரு சொட்டு சிவப்பு நகப்பாலிஷ். காய்ந்துவிட்டால் திருகு அசையாது, அசைத்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். உத்திரமேரூர் வளையல் கடையில் அவளே வாங்கி வருவாள். பொட்டு வைத்த பெட்டி என்றால் யசோதாக்காவின் வாக்கு.

அந்த வருட ஆயுத பூஜைக்கு, வழக்கம்போல எல்லாக் கருவிகளையும் அணைத்துத் துடைத்தோம். வருடத்தில் அந்த ரேக் முழுசாக அணைவது அன்று ஒருநாள்தான். நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் என் ரேக்கை இன்னொருத்தி துடைக்க விடமாட்டேன். ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, முதுகுப் பக்கச் சந்துபொந்தெல்லாம் அழுத்தித் துடைத்தேன். சந்தனம் வைத்தார்கள். சாமந்தி மாலையை ரேக்கின் நடுவில் கட்டினார்கள். அது அடித்தட்டு மீட்டரின் முகத்தை மூடித் தொங்கியது. மாலை தானாக உதிரும்வரை யாரும் கழற்ற மாட்டார்கள்.

லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ரேக்கை எழுப்பினேன். ஜபருல்லா சார் மகள் நிக்காஹ்வுக்காக லீவில் இருந்தார், வெள்ளிக்கிழமை மதியம்தான் வருவார். பெட்டிகள் வாசல்வரை குவிந்திருந்தன. ஹாஜர் எடுத்தேன். ஆறு கருவி பெயர் சொன்னது. ஏழாவது சாட்சி மீட்டர். சனிக்கிழமை ஆள்தானே என்று கூப்பிடவில்லை. தாளில் மட்டும் ஏழு டிக் போட்டேன்.

அன்றைக்கே பெட்டிகள் ஃபெயிலாக ஆரம்பித்தன. எல்லாம் இல்லை. ஃபெயிலானது ஒவ்வொன்றும் யசோதாக்கா அளவு வைத்த பெட்டி. வோல்டேஜ் அதிகம் என்று திரை காட்டியது: 5.039. மற்ற இருவர் பெட்டிகளில் ஒன்றுகூட ஃபெயிலாகவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் அப்படியே. கை மீட்டரை வைத்துப் பார்த்தால் 5.02 காட்டியது. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொன்னேன்.

"கை மீட்டர நம்பறதா, கம்ப்யூட்டர நம்பறதா?" என்றார். "அந்தம்மாவுக்குக் கை நடுங்குது. சனிக்கிழமையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடு."

யசோதாக்கா காண்ட்ராக்ட் ஆள். வரவேணாம் என்றால் அவ்வளவுதான், அதற்கு மேல் காகிதம் கிடையாது. அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் நிலையில் இல்லை. வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும். சேதி காதில் விழுந்து, வெள்ளிக்கிழமை காலை நேராகச் சோதனை அறைக்கு வந்தாள். ஃபெயிலான பெட்டி ஒன்றைக் கையோடு எடுத்து வந்து என் மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"ஸ்டெல்லா, இங்க பாரு. பொட்டு கலைஞ்சி கீதா?"

"இல்லக்கா."

"நான் வச்ச எடத்துலதான திருகு கீது?"

"ஆமாக்கா."

"அப்ப எங்கிட்ட இன்னா கேக்கறீங்கோ? பொட்டு கலைஞ்சிருந்தா என்னை வூட்டுக்கு அனுப்பு. கலையலன்னா, உன் மீட்டருகிட்ட கேளு. இருவது வருசமா நாத்து நட்ட கை இது, அதுக்கு அப்பறம்தான் திருகு புடிச்சிது. கை நடுங்குதாம்."

அழவில்லை. அவள் போனபின் அந்தப் பெட்டியை ரேக்கில் மாட்டினேன். சோதனையில் வோல்டேஜ் அளக்கும் படியை மட்டும் ஓடவிட்டு, அங்கேயே நிறுத்தினேன். திரையில் 5.039. குனிந்து 22-இன் முகத்தைப் பார்த்தேன். அதன் ஜன்னலில் 5.019.

மூன்று நாளாகத் திரையையே பார்த்திருக்கிறேன், மீட்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டர் ஒன்று காட்டுகிறது, கம்ப்யூட்டர் காதில் வேறொன்று விழுகிறது. அப்படியானால் நடுவில் யாரோ குறுக்கே பேசுகிறார்கள். வாடிய சாமந்தி மாலையைத் தூக்கினேன்.

சாட்சி மீட்டரின் ரிமோட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அதை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத ஆள் ஏன் எழுந்து நிற்கிறார்? அதன் ஜன்னலில் 5.020. உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை எடுத்திருக்க வேண்டிய ஹாஜரை அப்போது எடுத்தேன். 23, நீ யார்? பதில் இல்லை. இன்னொரு தடவை. பதில் இல்லை. ரேக்கைத் திருப்பிப் பார்த்தேன். சாட்சி மீட்டரின் முதுகில், மேலே இருக்க வேண்டிய ஐந்தாவது சுவிட்சு கீழே இறங்கியிருந்தது. அதன் ஓரத்தில் காய்ந்த ஈரத்துணியின் தடம். என் சுட்டுவிரல் அகலம்.

சுவிட்சு இறங்கியதும் 23 என்பது 22 ஆகிவிட்டது. பூஜைக்கு அணைத்து எழுப்பினோம் அல்லவா, எழும்போது அது தன் புது எண்ணைப் படித்துக்கொண்டது. அன்றிலிருந்து 22 என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியிருக்கிறார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி. பெயரைக் கேட்டபோது இரண்டும் ஒரே மாடல் பெயரைச் சொன்னதால் ஒரே குரலாகக் கேட்டது. அளவைச் சொல்லும்போதும், இருவரும் அதே அளவைச் சொன்னால் குழப்பமில்லை. வேறு வேறு சொன்னால்தான் வம்பு. அந்தக் கம்பியில் 1-ம் 2-ம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 3 என்று கேட்கும். 9-ம் 0-ம் விழுந்தால் 9. ஒரு மீட்டர் 5.019 என்கிறது, மற்றது 5.020 என்கிறது. கம்ப்யூட்டர் காதில் விழுந்தது 5.039. 5.02-க்கு அப்படியும் இப்படியுமாக நிற்கிற பெட்டிகள்தான் இதில் மாட்டும். அந்த இடத்தில் பெட்டியை நிறுத்துகிறவள் யசோதாக்கா ஒருத்திதான்.

மதியம் ஜபருல்லா சார் வந்தார். நிக்காஹ் வீட்டு இனிப்பை மேசையில் வைத்துவிட்டுக் கைமடிப்பைச் சுற்றினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டிக் போட்டதையும். சுவிட்சை மேலே தள்ளி, ரேக்கை அணைத்து எழுப்பி, ஹாஜர் எடுத்தோம். ஏழு பேரும் பெயர் சொன்னார்கள். யசோதாக்காவின் பெட்டி 5.019 காட்டிப் பாஸானது. பிறகு சார் தவறு அறிக்கைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அதில் காரணம் என்று ஒரு கட்டம்.

"இன்னா சார் எழுதட்டும்?"

"நடந்தத எழுது. அதுக்கு மேலயும் வேணாம், கொறைச்சும் வேணாம்."

துடைக்கும்போது சுவிட்சு நகர்ந்தது என்று மட்டும் எழுதினால் அது பூஜையின் தலையில் போய்விடும். எழுதியிருக்கலாம். எழுதவில்லை. துடைத்தது ஸ்டெல்லா, ஹாஜர் எடுக்காமல் டிக் போட்டது ஸ்டெல்லா என்று முழுப் பெயரோடு எழுதினேன். என் வேலைக் காலத்தில் எத்தனையோ புரோகிராம் எழுதியிருக்கிறேன். நான் எழுதியதிலேயே பிசகில்லாதது அந்த இரண்டு வரிதான்.

மேனேஜர் படித்தார். "அப்ப அந்தம்மாவுக்குப் பதிலா உன்னை அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார். ஆனா அதுக்கு முந்தி, யசோதாக்கா கையில தப்பு இல்லன்னு எல்லாரு எதிர்லயும் சொல்லிட்டு அனுப்புங்க."

அவர் ஜபருல்லா சாரைப் பார்த்தார். சார் சொன்னார்: "இந்தப் பொண்ணப் போகச் சொன்னா, அடுத்த தடவ தப்பு நடக்கும்போது யார் சார் வந்து உங்ககிட்ட சொல்லுவாங்க?"

மேனேஜர் எழுந்து, அளவு வைக்கும் பெஞ்சுகளின் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். பெட்டிகளைப் பார்த்தபடி, "மீட்டர்ல கொஞ்சம் பிரச்சினை. சரியாயிடுச்சி" என்று முனகினார்.

யசோதாக்கா திருகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காதுல விழல சார். பெரிய மிஷினு ஓடுது. கொஞ்சம் ஒரக்க சொல்லுங்க."

எந்த மிஷினும் ஓடவில்லை. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யசோதாம்மா வச்ச அளவு சரி" என்றார். அது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

என்னை அனுப்பவில்லை. ஒரு மெமோ வந்தது. இன்னும் என் பீரோவில், ஓய்வு பெற்ற அன்று போர்த்திய பொன்னாடைக்கு அடியில் இருக்கிறது. இரண்டுமே நான் சம்பாதித்ததுதான்.

அன்று சாயங்காலம் வேன் கிளம்புமுன் யசோதாக்கா சோதனை அறைக்கு வந்தாள். கையில் நகப்பாலிஷ் பாட்டில்.

"எங்கடி அந்த ஓடிப்போன சுவிட்சு?"

காட்டினேன். முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். சாட்சி மீட்டரின் சுவிட்சுகள் மேல் ஒரு சொட்டு, 22-இன் சுவிட்சுகள் மேல் ஒரு சொட்டு. ஊதிக் காயவைத்தாள்.

"இனிமே நீ இல்ல, உங்க சாமியே வந்து துடைச்சாலும் நவுராது."

அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் அந்த ரேக் என் கையில் இருந்தது. ஒருநாள்கூட ஹாஜர் எடுக்காமல் பெட்டி ஏற்றியதில்லை. கடைசி ஐந்து வருடம் பிரிவுக்கே நான்தான் பொறுப்பு. வெளியூர் இன்ஜினியர்கள் வந்து, என்னமோ கோளாறு என்று தலையைச் சொறியும்போது, "மொதல்ல எல்லாரையும் பேர் கேட்டீங்களா சார்?" என்பேன். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். நிவேதா, உன் புது ரேக் நன்றாகவே இருக்கும், எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் நெட்வொர்க் ஒயரிலும் கருவிக்கு எண் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு பேர் உட்கார அங்கேயும் இடம் உண்டு.

உன் படத்தை யசோதாக்காவுக்கு அனுப்பினேன். இப்போது மகள் வீட்டில் ஏனாத்தூரில் இருக்கிறாள். கண் ஆபரேஷன் ஆகி, இன்னும் படம் சரியாகத் தெரிவதில்லை. ரேக்கைக் கழற்றப் போகிறார்களாம் அக்கா என்று போனில் சொன்னேன்.

"பொட்டு கலைஞ்சி கீதா? அத மட்டும் பார்த்து சொல்லு" என்றாள்.

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"கலையலக்கா."

"கலையாது" என்றாள்.